டேம்பரை மாற்றிவிட்டால் தீர்ந்ததா?

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு எங்கெங்கோ சுற்றி என் சைக்கிளில் வந்து நின்றது. மணிக்கட்டில் கட்டோடு நான் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அப்போது நண்பரொருவர், நல்ல வாசகர், நான் மதிப்பவர், ஒரு வாக்கியத்தை மிக அமைதியாகச் சொன்னார். ‘பழுது பார்ப்பது என்பது பற்றாக்குறையின் அழகியல். வசதி வந்த சமூகம் பழுது பார்க்காது, மாற்றிவிடும்.’ கேட்டவர்கள் தலையசைத்தார்கள். அழகான வாக்கியங்களுக்குத் தலையசைப்பது நம்முடைய தொழில்நோய். எனக்கு அன்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த வாக்கியம் பிழை. அதை நம்பித்தான் நான் 32,000 ரூபாய் செலவழித்தேன், பிறகு கையையும் முறித்துக்கொண்டேன்.

இலக்கியப் பக்கத்தில் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் சற்றே பொறுக்கவும். ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்பதும், ஒரு பொருளில் பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் காண்பது என்பதும் ஒரே கேள்வி என்பதுதான் என் கட்சி.

மலைச்சைக்கிளின் முன்சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் இரட்டைக் காலுக்கு ஃபோர்க் என்று பெயர். (இதை ‘முட்கரண்டி’ என்று மொழிபெயர்த்திருந்த ஓர் இணையக் கடையைப் பார்த்திருக்கிறேன். வண்டியை உண்ணச் சொல்கிறார்கள் போலும்.) அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கில் இரண்டு மெல்லிய குழாய்கள் இரண்டு தடித்த உறைகளுக்குள் ஏறி இறங்கும். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஒரு காலுக்குள் காற்று அடைக்கப்பட்டிருக்கும். அது ஸ்பிரிங். மற்றொரு காலுக்குள் எண்ணெய் இருக்கும். அது டேம்பர். ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேமித்து வைக்கும், சேமித்ததை உடனே திருப்பித் தரவும் பார்க்கும். டேம்பர் இல்லாவிட்டால் வண்டி பந்துபோல் குதிக்கும். எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகவும் மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியாகவும் நெருக்கித் தள்ளி, அடியின் வேகத்தை வெப்பமாக்கிக் கரைத்துவிடுவது டேம்பரின் வேலை. ‘தணிப்பான்’ என்று சொல்லலாம், நல்ல சொல்தான். ஆனால் பட்டறையில் டேம்பர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இது சைக்கிளுக்கு வந்து அதிகக் காலம் ஆகவில்லை. மோட்டார் சைக்கிளில் எண்ணெய்த் தணிப்புள்ள குழாய் ஃபோர்க்கை பிஎம்டபிள்யூ 1935இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சைக்கிளில் அது பரவலாக 1989இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் வரவேண்டியிருந்தது. மறு ஆண்டே, 1990இல், அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியின் மலையிறக்கப் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு வென்றார். அதற்கு முன்புவரை அதிர்ச்சியைத் தாங்கியது மனிதனின் முழங்கையும் தோளுமே.

டேம்பரில் இரண்டு சாதிகள் உண்டு. பழையது, எண்ணெய் குழாய்க்குள் திறந்த நிலையில் கிடப்பது. மேலே சிறிது காற்று இருக்கும். நீண்ட இறக்கத்தில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும், நுரை எளிதில் அமுங்கும், தணிப்பு கெடும். புதியது, எண்ணெய் தனியொரு மூடிய குப்பிக்குள் இருப்பது. தண்டு உள்ளே நுழையும்போது இடம்பெயரும் எண்ணெய்க்கு ஒரு ரப்பர் பையோ நகரும் பிஸ்டனோ இடம் கொடுக்கும். காற்றுக்கு அங்கே வேலை இல்லை. ஒரே உடற்கட்டுள்ள ஃபோர்க்கை, விலை குறைந்ததில் திறந்த டேம்பரும் விலை கூடியதில் மூடிய டேம்பரும் வைத்து விற்பது இந்தத் தொழிலின் வழக்கம். விலை குறைந்ததை வாங்கியவன் பிறகு ஒருநாள் மூடிய டேம்பரைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ‘அப்கிரேட்’. இதில் சூது எதுவும் இல்லை, வாங்கியவனுக்கும் தெரிந்துதான் நடக்கிறது.

நான் வாங்கியது விலை குறைந்தது, அதுவும் ஒரு பழைய மாணவரிடமிருந்து இரண்டாம் கையாக. எந்த நிறுவனத்தது என்று சொல்லப்போவதில்லை, அதன் மீது எனக்குக் குறையுமில்லை. கோவையில் வசிக்கிறேன். விடுமுறை நாள்களில் வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு உதகைக்குப் போய், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே அனுமதி உள்ள பாதைகளில் ஓட்டுவேன். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் தமிழாசிரியனுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பழுது இப்படித் தொடங்கியது. மலையில் ஃபோர்க் இறுகிக்கிடந்தது. சிறு கற்களை அது கண்டுகொள்ளவே இல்லை, எல்லாம் கைக்கு வந்தன. பெரிய அடி விழுந்தாலும் முழுதாக அமுங்கவில்லை. மேல்குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. 160 மில்லிமீட்டர் போகவேண்டிய ஃபோர்க்கில் அந்த வளையம் 115ஐத் தாண்டவில்லை. ஊருக்குத் திரும்பிக் கடைக்குக் கொண்டுபோனால், கடையின் சிமெண்டுத் தரையில் அழுத்திப் பார்த்தபோது வெண்ணெய்போல் இறங்கியது. ‘ஒன்றுமில்லை சார், பழைய டேம்பர் இப்படித்தான் இருக்கும். அப்கிரேட் பண்ணிடலாம்’ என்றார் கடைக்காரர். இளைஞர், மரியாதையானவர், கணினியில் உடனே விலையையும் காட்டினார்.

இந்த இடத்தில்தான் என் புகார் தொடங்குகிறது. அவர் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்தப் பாதையில், எந்த வேகத்தில், எவ்வளவு காற்றழுத்தத்தில், கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்பதில் எதுவும் இல்லை. ‘இறுகுகிறது’ என்ற சொல்லைக் கேட்டார், அந்தச் சொல்லுக்கு நேரே விற்பனைப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்தார். அது விற்பனை. அதை நோயறிதல் என்று நான் எண்ணிக்கொண்டது என் பிழை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 948ஆம் குறள் எல்லா மருத்துவமனைச் சுவர்களிலும் தொங்கித் தேய்ந்துவிட்டது. யாரும் தொங்கவிடாதது அதற்கு அடுத்த 949. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் என்று மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செய்யச் சொல்கிறது அது. என் ஃபோர்க்கின் கதைக்கு 949தான் பொருந்தும். ஓட்டுபவனின் எடை என்ன, எங்கே கெடுகிறது, எப்போது கெடுகிறது?

டேம்பர்தான் குற்றவாளியா என்று அறிய ஒரு பைசா செலவில்லாத வழிகள் உண்டு. ஸ்பிரிங்கிலிருந்து காற்றை மெல்ல முழுவதும் வெளியேற்றிவிட்டுக் கையால் அழுத்திப் பார்க்கலாம். அப்போது எஞ்சுவது உராய்வும் டேம்பரும் மட்டும்தான். அதிலும் முதல் நகர்வு முரண்டு பிடித்துப் பிறகு எளிதானால், சந்தேகம் சீலின் மீதும் புஷ் மீதும் போகவேண்டும், டேம்பர் மீது அல்ல. ரீபவுண்டு திருகை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் ஃபோர்க் எழும் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி மாறவேண்டும். மாறினால் டேம்பர் உயிரோடிருக்கிறது. மாறாவிட்டாலோ, எழும்போது முதலில் ஒரு சிறு வெற்றிடம் போலத் தளர்ந்து பிறகு பிடித்தாலோ, உள்ளே காற்றுப் புகுந்திருக்கலாம், எண்ணெய் கசிந்திருக்கலாம். கீழுறைக்குள் ஊற்றும் மசகெண்ணெய் சில மில்லிதான், ஆனால் அது வற்றினால் எவ்வளவு உயர்ந்த டேம்பரும் உதவாது. ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழுறையைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கின்றன ராக்‌ஷாக்ஸ் கையேடுகள். இலவசமாகக் கிடைக்கின்றன, தெளிவான படங்களோடு. திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? நானும் அன்று பார்த்திருக்கவில்லை.

இவற்றில் எதையும் செய்யாமல் புதிய டேம்பரைப் பொருத்தினோம். அடுத்த ஞாயிறு உதகை. முன்னைவிடக் கூடுதலாக இறுகியிருந்தது.

இப்போது பாருங்கள், மாற்றிவிடுதல் செய்யும் ஆகப்பெரிய தீங்கு பணச்செலவு அன்று. அது சாட்சியைக் கலைத்துவிடுகிறது. பழைய டேம்பரோடு ஓடிய வண்டியில் ஒரு பழுது இருந்தது, அதன் சூழல் முழுவதும் அப்படியே இருந்தது. புதியதைப் பொருத்தியபோது டேம்பர் மட்டும் மாறவில்லை. கழற்றியதால் எண்ணெய் மாறியது, அதன் அளவு மாறியது, திருகுகளின் இருப்பு மாறியது, என் எதிர்பார்ப்பும் மாறியது. இவ்வளவு செலவழித்த பிறகு டேம்பர் தவறாக இருக்க முடியாது என்ற முன்முடிவும் சேர்ந்துகொண்டது. ஆகவே குற்றத்தை வேறிடத்தில் தேடினேன். ஸ்பிரிங் காற்றைக் குறைத்தேன். கொஞ்சம் மென்மையானது. மேலும் குறைத்தேன். இப்போது ஏறி உட்கார்ந்ததுமே ஃபோர்க் பாதி தூரம் அமிழ்ந்து நின்றது. செங்குத்தான இறக்கமொன்றில் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் சரிந்து கீழே போனது, கடைசியில் சுவர்போல் இறுகியது, நான் கைப்பிடிக்கு மேலாகப் பறந்தேன். இடது மணிக்கட்டு. ஆறு வாரம்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்தப் பதிப்புக்கு முன் அவர் என்ன செய்தார் என்பது நம் துறையில் எல்லோரும் அறிந்தது, ஆனால் எல்லோரும் மறப்பதும்கூட. ஏட்டில் புரியாத சொல் வந்தபோது அதை நீக்கிவிட்டுப் புரிகிற சொல்லை அங்கே பொருத்தவில்லை. அது எளிது, பலர் செய்ததும் அதுவே. அவர் கும்பகோணத்துச் சைனர்களைத் தேடிப்போய்க் கேட்டார். பிழை பிரதியில் இருக்கிறதா, தன் அறிவில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புரியாத பாடத்தை எளிய பாடமாக மாற்றிவிடும் பதிப்பாசிரியனும், கேள்வி கேட்காமல் டேம்பரை மாற்றும் கடைக்காரரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவருடைய கையிலும் பொருள் புதிதாகிவிடுகிறது, கேள்வி அப்படியே கிடக்கிறது. (எங்கள் பாடத்திட்டக் குழுவைப் பற்றியும் இங்கே ஒரு பத்தி எழுதலாம். பணியில் இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன, விட்டுவிடுகிறேன்.)

நிற்க. கட்டோடு கடைக்குப் போன அன்று இளைஞர் இல்லை. பின்பக்கம் பஞ்சர் ஒட்டும் மூலையில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் மண்தடப் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு வேலை பார்த்தவராம். என் கையைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார்.

“எங்கீங்க சார் ஓட்டுறீங்க?”

“ஊட்டிங்ணா.”

“கீழ இருக்கறப்ப நல்லாயிருக்குது, மேல போனாத்தான் இறுகுதுங்களா?”

ஒரு ஆண்டில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி அது. இரண்டாவது கேள்வியிலேயே விடை இருந்தது. ஆமாம் என்றேன்.

“காத்துங்க சார். கீழ்க்குழாய்க்குள்ள இந்த ஊர்க் காத்து மாட்டிக்கிட்டிருக்குது. மேல போனா வெளிக்காத்து லேசாயிரும், உள்ள இருக்கறது லேசாகுமுங்களா? அதுதான் சீலைப் பிடிச்சுத் தள்ளும். பந்தய வண்டில ஃபோர்க் தலையில இதுக்குன்னே ஒரு ஸ்குரு இருக்கும். மேல போனதும் திறந்து மூடோணும்.”

கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர், உதகை 2,240. இவ்வளவு ஏறும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கோவையில் பூட்டிய கீழுறைக்குள் கோவையின் காற்று அப்படியே இருக்கும். வெளிக்காற்றைவிட உள்ளே ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதல். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த அழுத்தம் இரண்டு குழாய்களின் முழுப் பரப்பின் மீதும் வேலை செய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொடக்கத்திலேயே மூன்று நான்கு கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பு. ஃபோர்க் அமுங்க அமுங்க உறைக்குள் இடம் குறைகிறது, எதிர்ப்பு பெருகுகிறது. தொடக்கத்தில் முரண்டு, முடிவில் சுவர், இரண்டுக்கும் ஒரே காரணம். டேம்பரை மாற்றியபோது கீழுறையில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்ததைப் பெரியவர் பிறகு கழற்றிக் காட்டினார். எண்ணெய் கூடினால் காற்றுக்கு இடம் குறையும். ‘அப்கிரேட்’டுக்குப் பிறகு ஏன் கூடுதலாக இறுகியது என்பதற்கு விடை அது.

இது யாரும் அறியாத மந்திரமல்ல. ஃபாக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட தன் 38 ஃபோர்க்கில் இந்தக் காற்றை வெளிவிடுவதற்கென்றே கீழுறையில் பொத்தான்களை வைத்தது. ராக்‌ஷாக்ஸும் 2022இல் சில ஃபோர்க்குகளில் வைத்தது. பொத்தான் இல்லாத ஃபோர்க்குக்கு வழி, சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கவனமாக நுழைப்பது. கட்டு அவிழ்ந்த பிறகு உதகையில் அதைச் செய்தேன். ‘புஸ்’ என்று ஒரு மூச்சு, கூடவே சிறிது எண்ணெய்ப் புகை. அன்று மாலை ரப்பர் வளையம் 150ஐத் தொட்டிருந்தது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். குறிஞ்சியில் நிகழ்ந்ததை மருதத்தில் வைத்துப் படித்தால் பொருள் திரியும் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மலையில் கெடும் ஃபோர்க்கைச் சமவெளியின் சிமெண்டுத் தரையில் அழுத்திப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று ஒருவர் சொன்னபோது, அந்த ஆசிரியன் தலையாட்டிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தான். கடைக்காரரை விடவும் இவன் மீதுதான் எனக்குக் கோபம்.

மூடிய டேம்பரே வேண்டாம் என்று நான் சொல்வதாக நண்பர் திரிக்கக்கூடும், ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். பெரியவரிடம் சொல்லிப் பழைய டேம்பரை மறுபடி பொருத்தி, கேபிள் டை வைத்தியத்தோடு ஒரு மாதம் அதே பாதைகளில் ஓட்டினேன். நன்றாகவே ஓடியது. வேர்கள் அடுத்தடுத்துப் படிக்கட்டுபோல் வரும் ஓரிடத்தில் மட்டும், வேகமாகப் போகும்போது, பழையது திணறியது, கைக்கு அடி வந்தது. எண்ணெய் அவ்வளவு விரைவாகத் துளை வழியே போகமுடியாமல் முட்டுகிறது. புதியது அங்கே தெளிவாக மேல். அதனால் திரும்பவும் புதியதையே பொருத்திக்கொண்டேன். 32,000 ரூபாய்க்கான வேறுபாடா என்றால், போட்டிக்குப் போகிறவருக்கு ஆம், எனக்கு இல்லை. ஆனால் இன்று அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். அன்று பழுது தெரியாததால் பரிகாரமும் தெரியவில்லை. தேவை அறிந்து மேம்படுத்துகிறவரோடு எனக்குச் சண்டையில்லை.

நண்பர் சொன்ன ‘பற்றாக்குறை’க்கு வருகிறேன். அந்தப் பெரியவர் பற்றாக்குறையால் பழுது பார்க்கக் கற்றிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஏழ்மையின் தந்திரமல்ல, காற்றின் இயல்பு. மிக அதிக விலையுள்ள ஃபோர்க்கைச் செய்கிறவர்களும் அதே காற்றைக் கண்டுதான் பொத்தான் வைத்தார்கள். வசதி படைத்த சமூகம் பழுது பார்க்காது என்றால் அந்தப் பொத்தானை யார் கண்டுபிடித்தது? யாரோ ஒருவர் உட்கார்ந்து, இது ஏன் மேலே மட்டும் இறுகுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். வசதியின் உச்சியிலும் அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. நடுவில் இருக்கிற நாம்தான், அதை இழப்பதை வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெரியவரை ஃபோர்க் வேலைக்கு அந்தக் கடை அனுமதிப்பதில்லை. பஞ்சரும் வண்டி கழுவுவதும்தான் அவர் பங்கு. புதிய டேம்பர்களுக்கான பயிற்சிச் சான்றிதழ் இளைஞரிடம் இருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தை பிறந்ததும் ஊருக்குப் போய்விடப் போவதாகப் பெரியவர் சொல்கிறார். கேட்கத் தெரிந்த அந்த இரண்டு கேள்விகளும் அவரோடு போகும். என்னுடைய கோபத்துக்கு இது போதிய காரணமில்லை என்று நினைப்பவர்கள் நண்பரின் வாக்கியத்துக்கே மறுபடி தலையசைத்துக்கொள்ளலாம்.

நண்பரும் அண்மையில் ஒரு மலைச்சைக்கிள் வாங்கியிருக்கிறார். மேலே போனால் முன்பக்கம் இறுகுகிறது, டேம்பரை மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன் என்று நேற்று தொலைபேசியில் சொன்னார். கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு உதகைக்கு வரட்டும். கேபிள் டை என் செலவு.